கொத்துதா, தின்னுதா?

அந்த அக்கா யாரையும் நேராகப் பார்த்து உடம்பு விசாரிக்க மாட்டார். நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, "என்னம்மா, காய்ச்சலா?" என்பார். வந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். அவருக்கு எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. தைத்த துணியைப் போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காக மாட்டியது. மெஷினில் இருந்தபடியே அதில் வாசல் தெரியும், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தெரிவார், அவருக்குப் பின்னால் மூலையில் இருக்கும் காடைக் கூண்டும் தெரியும்.

ஒருமுறை காலேஜ் பெண் ஒருத்தி சுடிதார் அளவு கொடுக்க வந்தாள். அக்கா டேப்பை இடுப்பில் சுற்றிப் பார்த்தார். திரும்பி மெஷினில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு இஞ்சி கொறஞ்சிருக்கற. ஆஸ்டல்ல சோறு போடலியா, நீ திங்கலியா?" என்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்ற அந்தப் பெண் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்து அழுதுவிட்டாள். அக்கா அதற்கும் திரும்பவில்லை. "டீ போடறேன், குடிச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

மூன்று வருடங்களுக்கு முன் அதியமான்கோட்டையில் அவர் வீட்டு மாடி அறையில் நான் குடியிருந்தேன். கீழே முன்பக்கம் தையல் கடை, பின்பக்கம் அவர் வீடு. கணவர் இறந்து வெகு காலம் ஆகியிருந்தது. ஒரே மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்தார். நான் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆய்வக உதவியாளன். பி.எஸ்சி. விலங்கியல் முடித்து, அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கம்பைநல்லூர் பக்கம் கூலிக்குப் போகிற எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அதனால் என்னை யாராவது 'சார்' என்று கூப்பிட்டால் அப்போதெல்லாம் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

அக்காவிடம் ஏழு காடைகள் இருந்தன. முதலில் வந்தது ஒன்றே ஒன்று. நெடுஞ்சாலை ஹோட்டல்களுக்குக் காடை ஏற்றிப்போன வண்டியிலிருந்து கூடை சரிந்து, சாலையோரம் நொண்டிக்கொண்டிருந்ததைப் பிடித்து வந்திருக்கிறார். ஒரு விரல் ஒடிந்து கோணலாகவே கூடிவிட்டது. அதனால் அதன் பெயர் கோணக்காலி. தனியாக இருக்கிறதே என்று துணைக்கு இரண்டு வாங்கி, அப்புறம் இரண்டு, அப்புறம் இரண்டு. தெருவில் கேலி செய்யாதவர்கள் இல்லை. "பொரிக்கறதத் தூக்கிக் கொஞ்சிக்கிட்டு இருக்குதே இந்தம்மா" என்பார்கள். அக்கா எங்களிடம் தமிழ் பேசுவார். காடைகளிடம் மட்டும் அவர்கள் வீட்டு உருதுவில், ரகசியம் சொல்வதுபோலப் பேசுவார்.

காலையில் அவருக்கு மூன்று வேலைகள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கட்டை விரலால் நெஞ்சை ஒருமுறை தடவுவார். "சதை இருக்கணும். எலும்பு கத்தியாட்டம் கையில பட்டுச்சுன்னா உள்ளுக்குள்ள எதுவோ அரிக்குதுன்னு அர்த்தம்." அடுத்தது பேப்பர். கூண்டின் அடி கம்பி வலை. அதற்குக் கீழே சாயங்காலம் ஒரு பேப்பரை விரித்து, காலையில் உருவி எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பச்சையாகத் தண்ணீராக இருக்கிறதா, வெள்ளைச் சுண்ணாம்புபோலத் தெறித்திருக்கிறதா என்று. அந்தப் பேப்பர்கள் நான் தேர்வுக்காக வாங்கிப் படித்துவிட்டுக் கொடுத்தவை. அன்றன்றைய பேப்பரை அன்று மாலையே கீழே கொடுத்துவிடுவேன். படியில் நான் இறங்கும்போது கையில் பேப்பரோடு நிற்பார். "இன்னிக்கு நல்ல சேதிதாங்க தம்பி. ஏழு பேரும் சொகம்" என்பார். நான் சிரிப்பேன். படித்தவன் ஒரு பக்கம் படிக்கிறான், இவர் அதன் மேல் விழுந்ததைப் படிக்கிறாரே என்று.

மூன்றாவது வேலைதான் கண்ணாடி. பத்து நிமிடம் கூண்டுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, பொத்தான் கட்டுவதுபோலக் கட்டிக்கொண்டே கண்ணாடியைப் பார்ப்பார். ஏன் நேராகப் போய்ப் பார்க்கக் கூடாது என்று கேட்டேன்.

"நேரா போயி நின்னா அதுங்களுக்குப் பூன வந்த மாதிரிங்க. நோவு இருந்தாலும் நிமுந்து நின்னுக்கும். தீனியக் கொத்தும். நம்மளும் தின்னுதுன்னு ஏமாந்துருவோம். கொத்தறது வேற, திங்கறது வேற. தொண்டைக்குள்ள எறங்குதான்னு பாக்கணும்."

அன்று இரவு போனில் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. மறுநாள் இறங்கிப்போய், "அக்கா, இரையாகற உயிரினங்க நோய மறைக்கும். அது இயற்கை" என்றேன், எத்தனையோ காலமாக எனக்குத் தெரிந்ததுபோல.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட! புத்தகத்துலயே போட்டிருக்கா?"

"போட்டிருக்குக்கா."

நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. மூன்று வருடக் கல்லூரிப் படிப்பில் தவளையின் உள்ளுறுப்புகளைப் பென்சிலால் வரைந்திருக்கிறேன். உயிரோடு ஒரு பறவையைக் கையில் பிடித்ததில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு காடைக்குக் கண் வீங்கியது. அப்போதும் போனைப் பார்த்து, "சத்துக் குறைவா இருக்கலாம், கீரை குடுங்க" என்றேன். முருங்கைக்கீரையை நறுக்கிப் போட்டார். கீரையாலோ தானாகவோ வீக்கம் வடிந்தது. அன்றிலிருந்து நான் 'டாக்டரு' ஆனேன். "நம்ம மாடில டாக்டரு இருக்காரு" என்று துணி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஒருமுறைகூட நான் இல்லை என்று சொல்லவில்லை. அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டு, "டாக்டருக்குப் படிச்சிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்" என்றாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடித்திருந்தது.

மெல்ல மெல்ல அவர் காலையில் கண்ணாடியில் பார்த்ததை என்னிடம் சொல்லிச் சரிபார்க்க ஆரம்பித்தார். "அந்தக் கறுப்பி கொஞ்சம் ஒதுங்கி நிக்குதுங்க. என்னவா இருக்கும்?" என்பார். நான் படியில் நின்றபடியே கூண்டை எட்டிப் பார்த்து, "நல்லாதான்க்கா இருக்கு" என்பேன். "அப்ப சரி. டாக்டரே சொல்லிட்டீங்க" என்று போய்விடுவார். அவருடைய கண்ணைவிட என் வாய் பெரிதாகிவிட்டது. அதை நான் வளரவிட்டேன்.

ஒரு முறை மட்டும் அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. கறுப்பி உண்மையிலேயே சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நான் நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். "இல்லீங்க. மொதல்ல தனியா வெக்கணும், அப்புறந்தான் என்ன ஏதுன்னு" என்று, சேலை வந்த அட்டைப்பெட்டியில் துணி விரித்து, ஒரு குண்டு பல்பை மேலே தொங்கவிட்டு, அதை அதில் வைத்தார். மீதியிருந்தவற்றின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சுடுநீரில் கழுவினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பெட்டியோடு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். சனிக்கிழமையாதலால் நானும் கூடப் போனேன். மாடும் ஆடும் நின்ற வரிசையில் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஆட்டோடு வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "காடைக்கு எதுக்கும்மா ஊசி? மசாலா தடவிப் படுக்க வெச்சா சரியாப் போயிடும்" என்றார். வரிசையே சிரித்தது.

"ஒங்க ஆட்டுக்கும் அதே வைத்தியந்தாங்க" என்றார் அக்கா. "மொதல்ல நீங்க பண்ணுங்க. பாத்துட்டு நான் பண்றேன்."

அந்த ஆளே அதிகமாகச் சிரித்தார். கறுப்பி பிழைத்துக்கொண்டது.

மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியபோது அக்கா ஓசூருக்குப் போக வேண்டி வந்தது. சனிக்கிழமை காலை போய், புதன்கிழமை வருவதாகச் சொன்னார். கடைச் சாவியை என் கையில் கொடுத்தார். "தீனி, தண்ணி யாரு வேணா வெக்கலாம். நீங்க இருக்கறதாலதான் நான் தகிரியமாப் போறேன். நெஞ்சத் தடவிப் பாருங்க, பேப்பரப் பாருங்க, பத்து நிமிசம் ஸ்டூல்ல உக்காருங்க. மறந்துறாதீங்க டாக்டரே." பஸ்ஸில் ஏறின பிறகும் ஜன்னல் வழியாகச் சொன்னார். "எதாச்சும்னா தனியா வெச்சிருங்க!"

சனி, ஞாயிறு நன்றாகப் போனது. நெஞ்சைத் தடவவில்லை. பிடிக்கப் போனால் படபடவென்று அடித்துக்கொண்டன, எனக்குப் பயமாக இருந்தது. கண்ணாடி முன்னால் உட்காரவும் இல்லை. நேராகப் போய் நின்றேன். ஏழும் நிமிர்ந்து நின்றன. ஏழும் கொத்தின.

திங்கட்கிழமை காலை பேப்பரை உருவினேன். முந்தின நாள் மாலை விரித்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர். ஒரு மூலையில், தண்ணீரும் வெள்ளையுமாக, வட்டம் வட்டமாகத் தெறித்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பின்னால் எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். ஆனால் பார்த்தேன். எட்டு மணி பஸ்ஸைவிட்டால் பள்ளிக்கு நேரமாகிவிடும். கசக்கி, கொல்லையில் இருந்த குப்பைச் சாக்கில் போட்டுவிட்டு ஓடினேன்.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தார். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. பேரன் பிறந்திருந்தான்.

"எல்லாம் நல்லாருக்குதுங்களா? கொத்துதா, தின்னுதா?"

"தின்னுதுக்கா."

"கண்ணாடில பாத்தீங்களா?"

"பாத்தேங்க்கா."

"அப்ப சரி. நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி" என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மாலைதான், போனில் சொன்ன பொய் மனதில் உறுத்த, அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். கூண்டுக்கு முதுகு காட்டி, கையில் அவருடைய கத்தரியைச் சும்மா வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தேன். முதலில் எல்லாம் நன்றாகவே தெரிந்தன. ஐந்தாறு நிமிடம் ஆகியிருக்கும். கோணக்காலியின் தோள் இறங்கியது. இறகு முழுதும் சிலிர்த்து, பந்துபோல ஆகி, கண் மூடிக்கொண்டது. மற்றொன்று மேலே இடித்ததும் திடுக்கிட்டு விழித்து, தீனியைக் கொத்தியது. தீனி அலகின் ஓரமாகக் கீழே விழுந்தது. மறுபடி கொத்தியது. மறுபடி விழுந்தது.

நான் திரும்பினேன். கோணக்காலி உடனே நிமிர்ந்து, இறகை ஒட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல நின்றது. திரும்பிக்கொண்டேன். மெதுவாகச் சரிந்தது. இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்காக அது எழுந்து நின்றது.

தனியாக வைத்திருக்க வேண்டும். அட்டைப்பெட்டி அலமாரி மேலேதான் இருந்தது, பல்பும் இருந்தது. வைத்தால், வந்ததும் அக்கா எப்போதிலிருந்து என்று கேட்பார். நேற்று போனில் தின்னுது என்று சொன்னேனே, பார்த்தேன் என்று சொன்னேனே. மகள் பிரசவித்திருக்கும்போது அவரைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று ஒரு காரணம் கிடைத்தது. நல்ல காரணமாகத் தெரிந்தது. கடைவீதியில் கோழிக்குக் கொடுக்கிற ஒரு பவுடரை, யாரையும் கேட்காமல் வாங்கி வந்து, அளவு தெரியாமல் தண்ணீரில் கலக்கி வைத்தேன். ஏழும் ஒரே கிண்ணத்தில் குடித்தன. படியேறும்போது, காலையில் சரியாகியிருக்கும் என்று எனக்கே நான் டாக்டர்போலச் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை கோணக்காலி கம்பி வலையில் பக்கவாட்டில் கிடந்தது. கோணல் விரல் மட்டும் வலைக்கண்ணில் மாட்டியிருந்தது. இன்னும் மூன்று சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நான் போய் நின்றும் அவை எழவில்லை. பள்ளிக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணி பஸ்ஸில் அக்கா வந்தார். பையில் எனக்கென்று வேறு இனிப்பு. நான் வாய் திறப்பதற்குள் கடைக்குள் போய்விட்டார். கொல்லைக்குப் போனார், சாக்கு சரசரத்தது, திரும்பி வந்தார். அழவில்லை. அட்டைப்பெட்டியை எடுத்தார், மூன்றையும் அதில் வைத்தார், தண்ணீர்க் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் கவிழ்த்தார். "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். "யாரு பாத்துக்கிட்டது?"

"நம்ம டாக்டருதாங்க" என்று அக்கா என்னைக் காட்டினார். கேலியாகச் சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்க வெட்னரியா?"

"இல்ல சார். பி.எஸ்சி. விலங்கியல்."

"சரி. எப்பயிருந்து இப்படி இருக்கு? அத மட்டும் கரெக்டா சொல்லுங்க. அத வெச்சுதான் மருந்து."

அறையில் நாங்கள் மூன்று பேர்தான். அக்கா என் பக்கம் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கண்ணாடிக் கதவில் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்கலாம். எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

"இன்னிக்குக் காலைலதான் சார்" என்றேன்.

டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். வாசலுக்கு வந்ததும் அக்கா, "பைய உள்ளயே வெச்சிட்டு வந்துட்டன்" என்று திரும்பப் போனார். பை அவர் தோளில்தான் இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து வந்தபோது கையில் இருந்தது வேறு சீட்டு. முதல் சீட்டில் இரண்டு வரிதான் இருந்தது, இதில் நான்கு.

பெட்டியில் இருந்தவற்றில் இரண்டு அடுத்தடுத்துச் செத்தன. கறுப்பி மறுபடியும் பிழைத்தது. கூண்டில் இருந்த மூன்றுக்கும் தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்துக் காப்பாற்றிவிட்டார். கூண்டை வெளியே எடுத்து வெந்நீர் ஊற்றித் தேய்த்து, மூன்று நாள் வெயிலில் வைத்தார். நான் தேய்க்க வந்தபோது, "நீங்க படிங்க தம்பி. பரீச்ச இருக்குதில்ல" என்றார். அந்த வாரத்தில் ஒருமுறையும் டாக்டரு என்று கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

பேரன் பிறந்ததற்கு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சமைத்து, தெருவில் எல்லாருக்கும் கொடுத்தார். எனக்குக் கடையிலேயே நாற்காலி போட்டு, கட்டிங் மேசையில் தட்டு வைத்தார். ஆட்டுக்கறி, நெய்ச்சோறு. "சாப்புடுங்க, ஒரு ரவிக்க மட்டும் முடிச்சிட்டு வர்றன்" என்று முதுகைத் திருப்பி மெஷினில் உட்கார்ந்துகொண்டார்.

முதல் வாய் எடுக்கும்போதுதான் மேசை ஓரத்தில், அளவு டேப்புக்கு அடியில், நான்காக மடித்த பேப்பரைப் பார்த்தேன். கசங்கலை நீவி நீவி மடித்திருந்தது. மேலே ஒரு நடிகையின் கலர்ப் படம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற பக்கம். தேதிக்குப் பக்கத்தில் வெள்ளையாகக் காய்ந்த வட்டம். அக்கா ஐந்தாவது வரைதான் படித்தவர். தேதி படிக்க அது போதும்.

என்னிடம் காட்டுவதற்காக வைத்தாரா, டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து அப்படியே வைத்ததா, தெரியவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கையை வைத்துப் பிசைந்துகொண்டிருந்தேன். ஒரு பருக்கை எடுப்பது, வாயருகே கொண்டுபோவது, வைப்பது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மெஷின் நின்றது.

"கொத்துறீங்க தம்பி" என்றார் அக்கா, திரும்பாமல். "திங்கல."

நிமிர்ந்தேன். கண்ணாடியில் அவர் கண்கள் என் மேல் இருந்தன. கோபம் இல்லை. காலையில் கூண்டைப் பார்க்கிற அதே பார்வை. சொல்லிவிடலாம் என்று நெஞ்சுவரை வந்தது. திங்கட்கிழமையே தெரியும் அக்கா, செவ்வாய்க்கிழமை கண்ணால் பார்த்தேன் அக்கா. இரண்டே வாக்கியம்.

"என்ன நோவு? சொன்னாத்தான தெரியும்?" என்று ஸ்டூலோடு சேர்ந்து நேராக என் பக்கம் திரும்பினார்.

நான் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு பெரிய கவளமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். "நல்லாதான் இருக்கேன்."